சூரியப் புள்ளிக்கும் வறட்சிக்கும் என்ன தொடர்பு?

2014 பிப்ரவரி மாதம் முழுவதும் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவான மழை 0.2 மில்லிமீட்டர். சிங்கப்பூரின் மழைப் பதிவேடு 1869-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அதில் அவ்வளவு வறண்ட மாதம் வேறு இல்லை. புளோக்குக்குக் கீழே இருக்கும் புல்தரையெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு மாறிப்போனது பலருக்கு இன்னும் நினைவிருக்கும். சூரியனின் முகத்தில் தெரியும் கரும்பொட்டுகளைச் சூரியப் புள்ளிகள் என்கிறோம். அவற்றின் எண்ணிக்கை சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறையும். அதே ஆண்டு ஏப்ரலில்தான் அது அந்தச் சுழற்சியின் உச்சத்தைத் தொட்டது.

இரண்டும் உண்மைத் தகவல்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "புள்ளி கூடினால் மழை குறையும்" என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் சாங்கியின் பதிவில் மிகக் குறைவாக மழை பெய்த ஆண்டு 1997. வழக்கமாக ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் அந்த ஆண்டு சுமார் 1,120 மில்லிமீட்டர்தான் பெய்தது. அப்போது சூரியன் எப்படி இருந்தது? புள்ளிகள் அடிமட்டத்துக்குப் போய் ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் முடிவு தலைகீழாகிவிடுகிறது.

இங்கே வெயில் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் கொளுத்தினால் போதும், வாட்ஸ்அப்பில் சூரியப் புள்ளி, சூரியப் புயல், உத்தராயணம் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு செய்தி வந்துவிடும். அதை அப்படியே நம்புகிறவர்களும் உண்டு, "சூரியனுக்கும் வானிலைக்கும் சம்பந்தமே இல்லை" என்று ஒரே அடியாகத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு, எந்த வழியில், எந்த ஊரில் என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

புள்ளி என்பது என்ன

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. அதன் அடியிலிருந்து சூடான வாயு ஓயாமல் மேலே எழும்பி, வெப்பத்தையும் ஒளியையும் வெளியே விட்டுவிட்டு, ஆறிப்போய் மறுபடி உள்ளே இறங்கும். சில இடங்களில் மிக வலுவான காந்தப்புலம் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பூமியின் காந்தப்புலத்தைப் போல் பல ஆயிரம் மடங்கு வலு அதற்கு. அந்த இடத்தில் வாயுவின் ஏற்ற இறக்கம் தடைப்படுகிறது. கீழிருந்து வெப்பம் சரியாக வந்து சேராததால் அந்த இடம் சுமார் 3,500 அல்லது 4,000 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதுவும் தகிக்கிற சூடுதான். ஆனால் சுற்றியுள்ள பகுதி அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அதுதான் சூரியப் புள்ளி.

புள்ளி என்கிறோமே தவிர, பல புள்ளிகளுக்குள் பூமியை அப்படியே போட்டுவிடலாம். 2024 மே மாதம் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும் பெரும் காந்தப் புயலைக் கிளப்பிய புள்ளிக் கூட்டம் பூமியைப் போல் 15 மடங்கு அகலம் கொண்டது. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலே அது கரும்பொட்டாகத் தெரிந்தது. 2019 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் நெருப்பு வளையக் கிரகணம் பார்க்க அதே மாதிரிக் கண்ணாடியைத்தான் எல்லோரும் வாங்கினோம். அது புள்ளிகள் அடிமட்டத்தில் இருந்த மாதம். (அந்த அட்டைக் கண்ணாடி இன்னும் வீட்டில் இருந்தால், தாளில் கீறலோ சுருக்கமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டுமே போடுங்கள். புகைமூட்டத்தில் சூரியன் சிவப்பாக, மங்கலாகத் தெரிகிறதே என்று வெறும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். விழித்திரை கெட்டால் திரும்ப வராது.)

பதினோரு ஆண்டுக் கணக்கு

ஜெர்மனியின் டெஸ்ஸாவ் ஊரைச் சேர்ந்த ஹைன்ரிக் ஷ்வாபே மருந்துக்கடைத் தொழிலில் இருந்தவர். புதனுக்கும் உள்ளே இன்னொரு கோள் இருக்கலாம், அது சூரியனைக் கடக்கும்போது கரும்பொட்டாகத் தெரியும் என்று நம்பி, 1826-இலிருந்து வெயில் அடித்த நாளெல்லாம் சூரியனைத் தொலைநோக்கியில் பார்த்துப் புள்ளிகளைக் குறித்து வைத்தார். தேடிய கோள் கிடைக்கவில்லை. ஆனால் பதினேழு ஆண்டுக் குறிப்பைப் புரட்டியபோது, புள்ளிகள் கூடுவதும் குறைவதும் ஒரு முறையில் நடப்பது தெரிந்தது.

சராசரியாக 11 ஆண்டுக்கு ஒரு முறை புள்ளிகள் உச்சத்துக்குப் போய்த் திரும்ப அடிமட்டத்துக்கு வருகின்றன. இதுதான் சூரியச் சுழற்சி. கடிகாரம் போல் துல்லியமானது அல்ல. சில சுழற்சிகள் 9 ஆண்டில் முடிந்துவிடும், சில 14 ஆண்டு வரை இழுக்கும். உச்சத்தின் உயரமும் ஒவ்வொரு தடவையும் வேறு. 1755-இல் தொடங்கியதை முதல் சுழற்சி என்று வைத்து எண்ணுகிறார்கள். இப்போது நடப்பது 25-ஆவது. அது 2019 டிசம்பரில் தொடங்கி, 2024-இல் உச்சம் கண்டது.

இந்தச் சுழற்சி ஏன் வருகிறது? சூரியன் திடப்பொருள் இல்லை. அதன் நடுவட்டம் சுமார் 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றும், துருவப் பகுதிக்கு 35 நாள் வரை ஆகும். வேகம் மாறுபடுவதால் உள்ளே இருக்கும் காந்தக் கோடுகள் முறுக்கிக்கொண்டே போகும். முறுக்கு ஏறியதும் அவை வளையங்களாக மேற்பரப்பில் வெளிவரும். கடைசியில் வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் மாறி, எல்லாம் மறுபடி தொடங்கும். காந்தத் திசை பழைய நிலைக்கே திரும்பி வர இரண்டு சுழற்சி, அதாவது ஏறக்குறைய 22 ஆண்டு ஆகும்.

இதுவரை பார்த்ததில் மனதில் நிற்க வேண்டியது இவ்வளவுதான்: புள்ளி என்பது காந்தம் வெப்பத்தைத் தடுத்த இடம். அது சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைகிறது.

வெப்ப வருமானம் எவ்வளவு மாறுகிறது

பூமிக்குச் சூரியனிலிருந்து வரும் வெப்பத்தை ஒரு குடும்பத்தின் மாத வருமானம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 வெள்ளி வருகிறது. சூரியப் புள்ளிகள் அடிமட்டத்தில் இருப்பதற்கும் உச்சத்தில் இருப்பதற்கும் இந்த வருமானத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும்? சுமார் 3 வெள்ளி. ஒரு பரோட்டா, ஒரு தே தாரிக் வாங்கினால் தீர்ந்துவிடும்.

உண்மையான அளவில் சொன்னால், பூமியின் வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் ஒளி விழுகிறது. 1978-இலிருந்து செயற்கைக்கோள்கள் இதை நேரடியாக அளந்துவருகின்றன. சுழற்சியின் போக்கில் இது ஒரு வாட் அளவுக்கு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறி இறங்குகிறது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. புள்ளிகள் கறுப்பு, எனவே புள்ளி கூடினால் சூரியன் மங்க வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. புள்ளிகளைச் சுற்றி வழக்கத்தைவிடப் பிரகாசமான திட்டுகள் உருவாகின்றன. புள்ளி மறைக்கும் ஒளியைவிட அந்தத் திட்டுகள் தரும் ஒளி அதிகம். அதனால் புள்ளிகள் நிறைந்த ஆண்டில் சூரியன் ஒரு துளி கூடுதலாகவே ஒளிர்கிறது.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரியில் சற்று அருகில் போகிறோம், ஜூலையில் சற்று விலகி இருக்கிறோம். இதனால் ஜூலையைவிட ஜனவரியில் கிட்டத்தட்ட 7 விழுக்காடு அதிக ஒளி பூமிக்கு வருகிறது. நம் குடும்பக் கணக்கில் 200 வெள்ளிக்கு மேல். இப்படியிருந்தும் சிங்கப்பூரில் ஜனவரிதான் குளிர்ச்சியான மாதங்களில் ஒன்று. வானம் மூடி மழை பெய்வதால் நமக்கு அந்த 200 வெள்ளி தெரிவதில்லை. இது ஆண்டுக்குள்ளேயே வந்து போகும் மாற்றம், சுழற்சியோ சில ஆண்டுகள் தொடர்ந்து ஒரே பக்கம் இழுக்கும் என்ற வேறுபாடு உண்டு. அதையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான், சுழற்சியால் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் 0.1 டிகிரி ஏறி இறங்குகிறது என்கிறார்கள். அந்த மாற்றத்தை உடம்பு உணராது. கருவிகள் உணரும்.

தாது வருஷம்

வறட்சியையும் சூரியப் புள்ளியையும் சேர்த்துப் பேசும் வழக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு அல்ல. அதற்கு நம் முன்னோர் செத்து மடிந்த ஒரு பஞ்சத்தோடு நேரடி உறவு உண்டு.

1876 தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சத்தைத் தமிழில் தாது வருஷப் பஞ்சம் என்கிறோம். ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. பிழைக்க வழியில்லாமல் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். இங்கே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் சில குடும்பங்களின் பழைய பேச்சில் அந்தப் பஞ்சத்தின் பெயர் இன்னும் வருகிறது.

பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877-இல், இந்தியாவின் புள்ளிவிவரத் துறைக்குத் தலைவராக இருந்த வில்லியம் வில்சன் ஹன்டர் சென்னையின் மழைக் கணக்கை எடுத்துக்கொண்டார். 1813-இலிருந்து ஏடு இருந்தது. அதைச் சூரியப் புள்ளிக் கணக்கோடு ஒட்டிப் பார்த்து, புள்ளிகள் அருகும் ஆண்டுகளில் சென்னையில் மழை குறைகிறது, பஞ்சமும் அதை ஒட்டி வருகிறது என்று எழுதினார். சூரிய ஒளியில் ஹீலியத்தை அடையாளம் கண்ட நார்மன் லாக்கியரும் அவரோடு சேர்ந்துகொண்டார். பஞ்சம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் தானியத்தைச் சேர்த்து வைக்கலாமே என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கணக்கில்தான் குறை இருந்தது. 64 ஆண்டு ஏடு என்றால் ஆறு சுழற்சிகூட முழுதாக இல்லை. அதுவும் ஒரே ஊரின் மழை. இந்தியாவின் மற்ற ஊர்களில் தேடியபோது அந்த ஒழுங்கு அப்படியே கிடைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இங்கிருந்து நகர மனம் வரவில்லை. தாது வருஷத்தில் மழை பொய்த்தது மெய். ஆனால் மக்கள் பட்டினி கிடந்தபோது இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நிவாரண முகாமில் கொடுத்த கூலி உயிர் தாங்கப் போதவில்லை. வறட்சிக்கு வானம் காரணமாக இருக்கலாம். அத்தனை பேர் செத்ததற்குச் சூரியனைக் காரணம் காட்ட முடியாது.

சூரியனைத் தேடி, கடலைக் கண்டுபிடித்தது

அந்தப் பஞ்சத்தின் தாக்கத்தால், சூரியனுக்கும் பருவமழைக்கும் உள்ள உறவைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதன் விளைவு, பழனி மலையில் 1899-இல் அமைந்த கோடைக்கானல் சூரிய ஆய்வகம். 1904-இலிருந்து அங்கே எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் நூறாண்டைத் தாண்டியவை. 1909-இல் ஜான் எவர்ஷெட், புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டார். உலகம் முழுதும் பாடத்தில் வரும் கண்டுபிடிப்பு அது. கோடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஆய்வகத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

பருவமழைக்கான விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணித மேதை. வானிலைப் படிப்பு இல்லாதவர். சூரியப் புள்ளி உட்பட, மழையோடு தொடர்பு இருக்கலாம் என்று யார் எதைச் சொன்னாலும் அதை எண்களில் போட்டுப் பார்த்தார். எழுத்தர்கள் கூட்டமாக உட்கார்ந்து கையால் கணக்குப் போட்ட காலம். புள்ளிகளுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு பலவீனமாகவும் இடத்துக்கு இடம் மாறுவதாகவும் இருந்தது. ஆனால் அந்த எண் குவியலில் இன்னொன்று பளிச்சென்று தெரிந்தது: பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது, அங்கே குறையும்போது இங்கே கூடுகிறது. 1920-களில் இதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார். 1969-இல் வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னஸ் இதையும் எல் நினோவையும் இணைத்து, இரண்டும் ஒரே இயக்கத்தின் இரண்டு முகங்கள் என்று விளக்கினார்.

எல் நினோ என்றால் என்ன? வழக்கமான ஆண்டில் பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெதுவெதுப்பான மேல்நீரை இந்தோனீசியா பக்கம் தள்ளிக் குவிக்கும். இந்தோனீசியக் கரையில் கடல்மட்டம் தென்னமெரிக்கக் கரையைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்தே இருக்கும். சூடான நீருக்கு மேல் ஈரக்காற்று எழும்பி மேகமாகும், மழை நம் பக்கம் பெய்யும். சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். குவிந்த வெந்நீர் கிழக்கே நகரும், மழையும் கூடவே போய்விடும். பெருவில் வெள்ளம் வரும், இந்தோனீசியக் காடும் கரிநிலமும் காய்ந்து தீப்பிடிக்கும், நமக்குப் புகைமூட்டம் வந்து சேரும்.

இப்போது குடும்பக் கணக்குக்கு வருவோம். வீட்டுக்கு வரும் 3,000 வெள்ளி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மாறியது பட்டுவாடா. எந்த அறைக்கு எவ்வளவு என்பதைக் கடலும் காற்றும் தீர்மானிக்கின்றன. ஒரு அறையில் பணம் இல்லை என்பதை வைத்து வருமானமே குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வறட்சியும் பெரும்பாலும் அப்படித்தான். பூமியில் மொத்த மழை குறைந்துபோவதால் வறட்சி வருவதில்லை. பெய்ய வேண்டிய மழை வேறிடத்தில் பெய்துவிடுகிறது. தாது வருஷத்தைப் பற்றிய பிற்கால ஆய்வுகளும் கடலையே காட்டுகின்றன: 1876-க்கு முந்தைய ஆண்டுகளில் பசிபிக்கின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடந்தது, உடனே 1877-இல் வரலாறு காணாத எல் நினோ வந்தது.

அப்படியானால் சூரியனுக்கு வேலையே இல்லையா

இருக்கிறது. 3 வெள்ளிதான் என்றாலும் அது எப்படிச் செலவாகிறது என்பதைப் பொறுத்து, பட்டுவாடாவை லேசாகத் தள்ளிவிட முடியும். இதற்கு ஆய்வாளர்கள் முக்கியமாக இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள்.

முதல் வழி மேலிருந்து கீழ். மொத்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகமாக மாறுகின்றன. சில அலைநீளங்களில் பல விழுக்காடு. தரையிலிருந்து சுமார் 15 முதல் 50 கிலோமீட்டர் உயரம் வரை உள்ள பகுதிக்கு அடுக்கு மண்டலம் என்று பெயர். அங்கே இருக்கும் ஓசோன் இந்தக் கதிர்களை விழுங்கிச் சூடாகிறது. சூரியன் சுறுசுறுப்பாக இருந்தால் ஓசோனும் கூடும், சூடும் கூடும். சூடு மாறினால் அங்குள்ள காற்றோட்டம் மாறும். அந்த மாற்றம் மெல்லக் கீழே இறங்கி நம் வானிலையைத் தொடலாம். இதன் தடயம் நன்றாகத் தெரியும் இடம் வட ஐரோப்பா. புள்ளிகள் குறைந்த ஆண்டுகளின் குளிர்காலத்தில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும் போக்கு காணப்படுகிறது. போக்கு என்றுதான் சொல்ல முடியும். ஒவ்வொரு தடவையும் அப்படி நடப்பதில்லை.

இரண்டாவது வழி கீழிருந்து மேல். மேகம் இல்லாத வெப்பமண்டலக் கடற்பரப்பில் அந்தக் கூடுதல் ஒளி நேராக நீரில் விழுகிறது. கொஞ்சம் அதிகமாக ஆவியாகிறது. அந்த ஈரத்தைக் காற்று மழை பெய்யும் பகுதிக்குக் கொண்டுபோகிறது. மழை வலுத்தால் காற்றும் வலுக்கும், காற்று வலுத்தால் மேகமில்லாத இடம் இன்னும் தெளியும். இப்படிச் சிறு மாற்றம் தன்னைத் தானே சற்றுப் பெருக்கிக்கொள்ளும் என்பது இந்த விளக்கம். கணினி மாதிரிகளில் இரண்டு வழிகளையும் சேர்த்துப் போடும்போதுதான் பசிபிக்கில் காணப்படும் சிறிய மாற்றங்கள் ஓரளவு ஒத்துவருகின்றன.

மூன்றாவதாக ஒரு கருத்தும் அடிக்கடி காதில் விழும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் மேகம் உருவாக உதவுகின்றன, சூரியன் சுறுசுறுப்பாக இருந்தால் அந்தக் கதிர்களைத் தடுத்துவிடுகிறது, எனவே மேகம் குறைகிறது என்பது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு பெரிய கலம் கட்டிச் சோதித்தார்கள். மேகத்துளிக்கு விதையாகும் நுண்துகள் உருவாவதில் கதிர்களுக்குப் பங்கு உண்டு, ஆனால் மேகத்தையும் பருவநிலையையும் புரட்டிப் போடும் அளவுக்கு அது பெரிதல்ல என்ற இடத்தில் விஷயம் நிற்கிறது.

சுருக்கிச் சொன்னால், சூரியச் சுழற்சி காற்றோட்டத்தை மெல்லத் தட்டிக்கொடுக்கிறது. அந்தத் தட்டு சில இடங்களில், சில பருவங்களில், பல ஆண்டுச் சராசரியில் தெரிகிறது. குறிப்பிட்ட ஓர் ஊரின் குறிப்பிட்ட ஓர் ஆண்டில் எல் நினோ போன்ற பெரிய அசைவுகளுக்கு இடையே அது அமுங்கிப்போகிறது.

ஏன் இவ்வளவு பேர் ஏமாறுகிறார்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியை எடுத்துக்கொள்வோம். 1890-களின் கடைசியிலிருந்து 1920-கள் வரை அந்த ஏரியின் நீர்மட்டமும் சூரியப் புள்ளி எண்ணிக்கையும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கின. வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும். இரண்டு சுழற்சிக்கு மேல் அப்படியே போனது. அப்புறம், யாரும் எதிர்பார்க்காதபோது, ஏரி தன் போக்கில் போய்விட்டது. அந்த உறவு அதற்குப் பிறகு திரும்பவில்லை.

இதே வித்தையைச் சிங்கப்பூரை வைத்தும் காட்ட முடியும். 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை இங்கே தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. குழாயில் நேரம் பார்த்துத் தண்ணீர் விட்ட அந்த மாதங்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சூரியப் புள்ளிகள் 1964 அக்டோபரில் அடிமட்டம் தொட்டன. 1997 வறட்சி, 1996-இல் அடிமட்டம். 2019-உம் நமக்கு மழை குறைந்த ஆண்டு, அந்த டிசம்பரில் அடிமட்டம். மூன்றுக்கு மூன்று! இந்த மூன்றை மட்டும் ஒரு படமாகப் போட்டு அனுப்பினால் "புள்ளி குறைந்தால் சிங்கப்பூரில் வறட்சி" என்பது ஐயமற்ற உண்மை போலத் தெரியும்.

விட்டுப்போனவற்றைச் சேர்த்துப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் பெய்த 2014 பிப்ரவரி, உச்சத்துக்குப் பக்கத்தில். சாங்கியில் 1997-க்கு அடுத்தபடியாக மழை குறைந்த 2015-உம் உச்சத்துக்கு அடுத்த ஆண்டுதான். ஜொகூரில் நமக்குத் தண்ணீர் தரும் லிங்கியு நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கிய 2016 அக்டோபர் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில். மறுபக்கம், புள்ளிகள் அருகிப்போயிருந்த 2006-இல் டிசம்பர் 19 அன்று ஒரே நாளில் 366 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஜொகூரில் வெள்ளம் ஊர்களை மூழ்கடித்தது.

இந்த வறண்ட ஆண்டுகளுக்குச் சூரியனைவிடப் பொருத்தமான காரணங்கள் கைவசம் உண்டு. 1963, 1997, 2015 மூன்றும் எல் நினோ ஆண்டுகள். 2019-இல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்து, மழை ஆப்பிரிக்கா பக்கம் சாய்ந்தது. இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று இதைச் சொல்வார்கள். 2014 பிப்ரவரியில் எல் நினோ இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட கட்டம் முன்கூட்டியே வந்து நீண்டுவிட்டது. காரணம் ஒவ்வொன்றும் வேறாக இருந்தாலும், எல்லாம் காற்றும் கடலும் பட்டுவாடாவை மாற்றிய கதைகள்தான்.

இப்படிப்பட்ட செய்தி ஒன்று வந்தால் நான் முதலில் பார்ப்பது, எந்த ஆண்டுகளைக் காட்டுகிறார்கள் என்பதைவிட எந்த ஆண்டுகளைக் காட்டவில்லை என்பதை. அடுத்து, அந்த விதி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்த ஆண்டுகளுக்கும் அது பொருந்தியதா என்பதை.

வெப்பமாதலுக்கும் சூரியன்தான் காரணமா

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் விடை தெளிவானது. 1645 முதல் 1715 வரை சூரியனில் புள்ளிகளே ஏறக்குறைய இல்லாமல் போயின. அதற்கு மவுண்டர் சிறுமம் என்று பெயர். ஐரோப்பாவில் கடும் குளிர்காலங்கள் வந்த காலத்தோடு அது ஒத்துப்போவதால், இப்போதைய வெப்பத்துக்கும் சூரியனையே காரணம் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குளிர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, எரிமலைகளுக்கும் அதில் பங்கு உண்டு. இப்போதைய நிலை இன்னும் தெளிவு. 1980-களிலிருந்து சூரியனின் சுறுசுறுப்பு மொத்தத்தில் சற்றுக் குறைந்திருக்கிறது, உலக வெப்பநிலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்னொரு தடயமும் உண்டு. சூரியன் காரணமாக இருந்தால் அடுக்கு மண்டலமும் சேர்ந்து சூடாக வேண்டும். அது குளிர்ந்துவருகிறது. கரியமில வாயு கூடினால் நடக்க வேண்டியது அதுவே.

2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983-இல் தெங்காவில் பதிவான உச்சத்தைச் சமன் செய்த வெயில் அது. புள்ளிகள் பெருகிவந்த நேரம்தான். ஆனாலும் சுழற்சி தரும் 0.1 டிகிரியை வைத்து அந்த நாளை விளக்க முடியாது.

புள்ளிகள் நிச்சயமாகத் தொடுவது எதை

சூரியப் புள்ளிகள் நம் வாழ்க்கையைத் தெளிவாகத் தொடும் இடம் மழை அல்ல, தகவல் தொடர்பு. வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற ஒரு பகுதி உண்டு. அயனி மண்டலம் என்பார்கள். ரேடியோ அலைகளும் ஜிபிஎஸ் சமிக்ஞைகளும் அதைக் கடந்தோ அதில் பட்டோ வருகின்றன. புள்ளிகள் மிகுந்த காலத்தில் அந்த மண்டலம் தடித்துக் கொந்தளிக்கும். 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணக் காந்தப் புயலுக்கே மேல் வளிமண்டலம் உப்பி, அப்போதுதான் ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய நாற்பது கீழே விழுந்து எரிந்துபோயின.

சிங்கப்பூருக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். இந்தப் பட்டையில், பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழி போன்ற வெற்றிடங்கள் எழும்பும். அவற்றைக் கடந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை மினுங்கித் தடுமாறும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும் புள்ளிகள் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். கைப்பேசி வரைபடத்தில் நமக்குப் பெரும்பாலும் தெரியாது. சென்டிமீட்டர் துல்லியம் வேண்டிய நில அளவை வேலையிலும், விமானத்துக்கும் கப்பலுக்கும் வழிகாட்டும் கருவிகளிலும் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இங்கே ஒருவர் சூரியப் புள்ளி எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பதற்கு நியாயமான காரணம் இதுதான். நீர்த்தேக்கத்தின் மட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் பசிபிக்கின் நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது, சுமத்ராவுக்கு மேற்கே கடல் குளிர்கிறதா என்று பார்த்தால் போதும். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் பருவகால முன்னுரைப்பில் இரண்டைப் பற்றியும் எழுதுகிறார்கள்.